கடல் பார்க்காதவர் அடையாளம் சொன்ன கப்பல்

ஆய்வுக்கு வரும் கனிம மாதிரியின் அரக்கு முத்திரையை உதவி நிலவியலாளர் பதவிக்குக் குறையாத அலுவலர் ஒருவரே உடைக்க வேண்டும். மாதிரியைப் பற்றிய கருத்தை அவரே எழுதிக் கையொப்பமிட வேண்டும். வேறு எவரும் அதைக் கையால் தொடக் கூடாது. எங்கள் அலுவலக நடைமுறைக் குறிப்பில் இருந்த விதி இது. நாக்கால் தொடுவதைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை. எழுதியவர்களுக்கு அது தோன்றியிருக்காது. அவர்கள் அந்த அம்மாவைப் பார்த்ததில்லை.

நான் பார்த்தேன். அரியலூரில் ஒரு சிறிய கனிம அலுவலகத்தில் அப்போது தலைமை எழுத்தராக இருந்தேன். அரியலூரும் பெரம்பலூரும் திருச்சி மாவட்டத்துக்குள் இருந்த காலம்; எழுபதுகளின் கடைசியும் எண்பதுகளின் முன்பாதியும். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி எந்தக் குவாரியிலிருந்து எங்கே போகிறது என்று சீட்டு எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. எழுதிய சீட்டு பொய் என்று பிற்பாடு கண்டுபிடிப்பதும் எங்கள் வேலைதான்.

அந்த அம்மா கல்லங்குறிச்சியைத் தாண்டிய ஒரு குவாரியில் கல் பிரிப்பவர். வெடி வைத்துப் பெயர்த்த பாறைக் குவியலில் நல்ல சுண்ணாம்புக்கல்லை ஒரு பக்கமும், களிமண் கலந்ததை இன்னொரு பக்கமும் போட வேண்டும். மற்றவர்கள் சுத்தியலால் தட்டி ஓசையை வைத்துப் பிரிப்பார்கள். அவர் சந்தேகம் வந்த கல்லை மட்டும் சில்லு உடைத்து நுனி நாக்கில் வைப்பார். களிமண் சேர்ந்த கல் நாக்கில் ஒட்டும், சுத்தமான கல் ஒட்டாது. இது குவாரியில் பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவருடைய நாக்கு ஒட்டுகிறதா இல்லையா என்பதோடு நிற்பதில்லை. எந்தக் குவாரி, குவாரியில் மேல்தட்டா அடித்தட்டா என்பது வரைக்கும் போகும்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். சேலைக்கு மேல் கணவருடைய பழைய முழுக்கைச் சட்டை. இடுப்பில் ஒரு மருந்துப் புட்டி நிறையத் தண்ணீர். கல்லை நாக்கிலிருந்து எடுத்ததும் ஒரு மடக்கு ஊற்றிக் கொப்பளித்துத் தள்ளிப் போய்த் துப்பிவிட்டுத்தான் பேசுவார். நீதிபதிகள் தீர்ப்புக்கு முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க எடுத்துக்கொள்ளும் அவகாசம் அது. அதற்குப் பிறகு அவர் சொல்வது மூன்று நான்கு சொற்களுக்கு மேல் போகாது. அந்த மூன்று நான்கு சொற்களில் தெரிந்தது மட்டும் இருக்கும். நான் முப்பத்தேழு ஆண்டு அரசுப் பணியில் ஆயிரக்கணக்கான அறிக்கைகளைப் படித்தவன். தெரிந்ததை மட்டும் சொன்ன அறிக்கை என்று ஒன்றைக் கூட நான் பார்த்ததில்லை. அந்த அம்மா வாயால் சொன்னவை தவிர.

அவரை முதலில் அலுவலகத்துக்கு அழைத்தது ஒரு தகராறில். கீழப்பழுவூர்ப் பக்கத்துக் குவாரிக்காரர் ஒருவர், எல்லை தாண்டி வந்து தன் கல்லை அடுத்த குவாரிக்காரர் வெட்டிவிட்டார் என்று மனுக் கொடுத்தார். லாரியை மடக்கி எங்கள் வளாகத்தில் நிறுத்தியிருந்தோம். லாரியிலிருந்து ஒன்பது கற்களை எடுத்துப் போட்டு, இவரைக் கூப்பிட்டோம். ஐந்தை இடப்பக்கம் வைத்தார். மூன்றை வலப்பக்கம். ஒன்றை நடுவில்.

"இது யார் குவாரிம்மா?" என்றேன்.

"தெரியலீங்க."

"ஏதாவது ஒரு பக்கம் வைங்கம்மா. ஒன்பதும் சரியா வந்துடும்."

"வரணும்னா நீங்களே வச்சுக்குங்க. எனக்குத் தெரியல."

அந்த ஒரு கல்லுக்காகக் கோப்பு அரை மணி நேரம் நகராமல் நின்றது. கடைசியில் லாரி ஓட்டுநர் பிடரியைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தார். "சார், அது லோடுல சேராதுங்க. பின் சக்கரத்துக்கு முட்டுக் குடுக்க ரோட்டோரமா நான் எடுத்துப் போட்டது."

என் கையில் இருந்த பேனாவை மூடி வைத்தேன். அன்றிலிருந்து அவர் "தெரியல" என்று சொன்னால் அதற்கும் ஒரு பொருள் உண்டு என்று எடுத்துக்கொள்ளப் பழகினேன்.

எங்கள் பக்கத்து ஓடைகளில் சங்கும் சிப்பியும் கல்லாகிக் கிடக்கும். எத்தனையோ யுகங்களுக்கு முன் அங்கே கடல் இருந்ததாம். அதைப் பார்க்கக் கல்லூரிப் பேராசிரியர்கள் மாணவர்களோடு பஸ் பிடித்து வருவார்கள். ஒரு பேராசிரியர் குவாரியில் இவரிடம் உற்சாகமாகச் சொன்னார்: "அம்மா, நீங்க நிக்கிற இடம் கடலுக்கு அடியில இருந்துச்சு, தெரியுமா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"நம்ப மாட்டீங்களா?"

"நம்பாம என்னங்க. நான் வந்தப்பத் தண்ணி இல்ல. அவ்ளோதான்."

மாணவர்கள் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. குறிப்பேட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

வீட்டிலும் அவர் இப்படித்தான் என்று உடன் வேலை பார்த்த பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அண்ணன் மகளுக்கு அரும்பாவூரில் மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தபோது, எல்லாரும் சுற்றி உட்கார்ந்து, "பையன் எப்படி?" என்று கேட்டிருக்கிறார்கள். "சாப்பிட்டதப் பாத்தேன். எலைய வழிச்சுச் சாப்பிட்டாரு. மத்தது தெரியாது" என்றாராம். அண்ணி ஒரு வாரம் பேசவில்லை.

எண்பத்தைந்தாம் ஆண்டு, ஆடி மாதக் காற்று மேசையில் இருந்த காகிதங்களை எல்லாம் அள்ளிக்கொண்டிருந்த ஒரு நாளில், மரப்பெட்டி ஒன்று வந்தது. கூடவே மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து ஒரு கடிதம். கடலைப் பற்றிய கடிதம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. முகவரி தவறோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

மெட்ராஸ் கரைக்கு அப்பால், கடலுக்கடியில் வெளிநாட்டுக்குத் தொலைபேசிப் பேச்சையும் தந்தியையும் கொண்டு போகும் கேபிள் ஒன்று அறுந்திருந்தது. பழுது பார்க்கப் போன கப்பல் அறுந்த முனையை மேலே இழுத்தபோது, பிய்ந்து முறுக்கிக்கொண்ட இரும்புக் கம்பிகளுக்கு நடுவே தேங்காய் அளவில் ஒரு கல் சிக்கியிருந்தது. ஏதோ ஒரு நங்கூரம் கேபிளை இழுத்து அறுத்திருக்கிறது. அந்த நங்கூரத்தோடு வந்த கல் இது என்பது அவர்கள் ஊகம். அந்தச் சமயத்தில் அந்த இடத்தருகே நங்கூரமிட்டு நின்றவை மூன்று சரக்குக் கப்பல்கள், ஒரு பாய்த்தோணி.

கப்பல்கள் மூன்றும் புறப்பட்டுப் போய்விட்டன. அவற்றின் மீது சந்தேகப்பட வேண்டுமானால் மூன்று நாடுகளுக்குக் கடிதம் எழுத வேண்டும். தோணி பக்கத்துத் துறைமுகம் ஒன்றிலேயே நின்றது. அதன் மீது சந்தேகப்பட ஒரு கயிறு போதும். கட்டிவிட்டார்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் நிர்வாகத்தில் ஒருவகைச் சாட்சியம்.

எங்களுக்கு ஏன் எழுதினார்கள்? தோணி காலியாகப் போகும்போது கவிழாமல் இருக்க அடியில் கல் பரப்புவார்கள். அந்தத் தோணியில் பரப்பியிருந்தது அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் என்று அதன் காகிதங்களில் இருந்தது. கேபிளில் சிக்கிய கல்லில் சிப்பி இருந்தது. அரியலூர்க் கல்லில் சிப்பி இருக்கும் என்று மேலிடத்தில் படித்தவர் யாரோ சொல்லியிருக்கிறார். கடலில் கிடந்த கல்லில் ஒரு சிப்பியைக் கண்டதும், அதன் ஊரைக் கடலிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி வந்து அரியலூரில் தேடுவதற்கு உண்மையிலேயே நிறையப் படித்திருக்க வேண்டும்.

பெட்டி வந்த மூன்றாம் நாள் ஒருவர் வந்தார். அந்தத் தோணியின் தண்டல். பாய்த்தோணியின் தலைவரை அப்படித்தான் சொல்வார்கள். வெள்ளைக் குல்லாய், உப்பில் வெளுத்த கைலி. மனைவி ஊர் லப்பைக்குடிக்காடு. கல் இங்கே வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, மாமனார் வீட்டில் தங்கி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"அல்லா மேல ஆணையா நாங்க அறுக்கல சார். வாப்பா காலத்துத் தோணி. எட்டு குடும்பம் அதுல சாப்பிடுது. ஐப்பசி மழைக்கு முன்னாடி ஆத்துக்குள்ள இழுத்து ஏத்தணும். இப்ப கட்டிப் போட்டிருக்கிற எடம் மொகத்துவாரம். வெள்ளம் ஒண்ணு வந்தா பலக பலகையா போயிடும்."

சம்பந்தப்பட்டவரை அலுவலர் சந்திக்கக் கூடாது என்பது விதி. நான் விதிப்படி அவரை வெளியே, சன்னலுக்கு அடியில் இருந்த பெஞ்சில் உட்கார வைத்தேன். சன்னலை மூட வேண்டும் என்று விதி இல்லை.

எங்கள் உதவி நிலவியலாளர் கல்லூரி முடித்துப் புதிதாக வந்தவர். நல்ல பிள்ளை. முத்திரையை முறைப்படி உடைத்துக் கல்லைத் தூக்கிப் பார்த்தார். சாம்பல் நிறம். ஒரு பக்கம் ஏதோ பள்ளம். ஓரத்தில் வெள்ளையாகச் சிப்பி.

"பாத்தீங்களா சார், ஃபாசில்! அரியலூர்க் கல்லேதான்" என்றார் என்னிடம்.

சன்னலுக்கு வெளியே பெஞ்சு ஒரு முறை கிறீச்சிட்டது.

பதிலை அன்றே எழுதிவிட்டார். மூன்று வரி. தட்டச்சாகி வந்தது. கையொப்பமிட்டால் தோணியின் கதை முடிந்தது.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்தக் கல்லங்குறிச்சி அம்மாகிட்ட ஒரு தடவை காட்டிடலாமே சார்" என்றேன்.

"ரூல்ஸ்ல இடமிருக்கா?"

"கையால தொடத்தான் சார் தடை."

மறுநாள், தண்டல் அதே பெஞ்சில் காத்திருக்க, சாப்பாட்டு நேரத்தில் அந்த அம்மா கையில் தூக்குவாளியோடு வந்தார். பெட்டியைத் திறந்து காட்டினோம். தூக்குவாளியைத் தரையில் வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா பார்த்தார். பிறகு எந்த விதிக்கும் காத்திராமல் கையிலேயே எடுத்துக்கொண்டார். நான் கூரையைப் பார்த்தேன். சிப்பியை நகத்தால் கீறினார். அது அப்பளம் போலப் பெயர்ந்து மேசையில் விழுந்தது.

"மேல ஒட்டிக்கிட்டிருக்கு. கல்லுக்குள்ள இல்ல" என்றார்.

உதவி நிலவியலாளரின் முகம் கொஞ்சம் மாறியது. அந்த அம்மா ஓரத்தில் ஒரு சில்லு தட்டி எடுத்து நாக்கில் வைத்தார். வழக்கத்தை விட அதிக நேரம் வைத்திருந்தார். கொப்பளித்தார். வாசல் வரை போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"இது கல்லு இல்லீங்க."

"கல்லு இல்லாம?"

"சிமெண்டுக் கலவை. யாரோ கொழச்சு ஊத்தினது." கல்லைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். "இங்க பாருங்க, சாக்கு அச்சு. சாக்கு மேல ஊத்தியிருக்காங்க."

அப்போதுதான் எங்கள் கண்ணுக்கு அது தெரிந்தது. குறுக்கும் நெடுக்குமாகக் கோணிச் சாக்கின் நெசவு, துணிக்கடைக்காரர் விரித்துக் காட்டியது போல. அந்தக் கல்லை மூன்று அலுவலகங்களில் ஏழெட்டுப் பேர் முறைப்படி ஆராய்ந்திருக்கிறார்கள். பதிவேட்டில் அதன் எடை கிராம் சுத்தமாக எழுதப்பட்டிருந்தது.

"இந்தப் பள்ளம்?" என்று கேட்டார் அலுவலர். இப்போது குரலில் மாணவர் தெரிந்தார்.

"எதையோ சுத்தி எறுகியிருக்கு. என்னன்னு பாப்பம்."

தூக்குவாளியைத் திறந்தார். கேழ்வரகுக் களி. புட்டித் தண்ணீரால் பள்ளத்தை நனைத்து, களியில் ஒரு பெரிய உருண்டையைப் பிட்டு அதற்குள் வைத்துக் கட்டைவிரலால் மூலை முடுக்கெல்லாம் அழுத்தினார். நெல்முனையளவு மாற்றம் கூட இல்லாமல் பாதுகாக்கப்பட வேண்டிய அரசாங்கச் சான்றுப் பொருளுக்குள் மத்தியானச் சாப்பாடு இறங்கிக்கொண்டிருந்தது. நான் தடுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கல்லைக் கவிழ்த்து உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

களி வெளியே வந்தது. மேசையில் வைத்தார்.

தடிமனான ஒரு கம்பி. வளைந்து போகிறது. வளைவின் உட்பக்கத்திலிருந்து கட்டையாக ஏதோ ஒன்று குறுக்கே கிளம்பி, அரை விரல் நீளத்தில் அறுபட்டு நிற்கிறது.

"சங்கிலிக் கண்ணி" என்றார். "ஆனா கிரஷர் சங்கிலி மாதிரி இல்ல. நடுவுல குறுக்கால ஒரு கட்டை குடுத்திருக்காங்க. இந்த மாதிரி சங்கிலி நான் பாத்ததில்ல."

சன்னலில் ஒரு தலை முளைத்தது. "குறுக்குக் கட்டையா? குறுக்குக் கட்டையாம்மா சொன்னீங்க?" தண்டல் பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். "சார்! அது பெரிய கப்பல் நங்கூரச் சங்கிலி சார்! கடலுக்குப் போறப்ப, சங்கிலி எறங்குற குழாய் வழியா தண்ணி உள்ள பூந்துடும்னு சாக்க அடைச்சு சிமெண்டு பூசிடுவாங்க. நங்கூரம் போடுறப்ப அது ஒடஞ்சு சங்கிலியோட ஒட்டிக்கிட்டுப் போவும். எந் தோணிக்கு ஏது சார் குழாயி? எங்களுக்குக் கயிறு சார், கயிறு!"

எங்கள் அலுவலகத்திலிருந்து கடல் எந்தத் திசையில் கிட்டே இருக்கிறது என்று கேட்டால் அன்று எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அந்த மேசையில், உள்வரவுப் பதிவேட்டுக்கும் மைக்கூட்டுக்கும் நடுவே, கேழ்வரகுக் களியில் ஒரு கப்பல் வந்து நின்றது. கொள்ளிடத்தை விடப் பெரிய தண்ணீரைப் பார்த்திராத ஒருவர் அதைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். பிற்பாடு நான் துறைமுகங்களில் நிஜக் கப்பல்களைப் பார்த்திருக்கிறேன். எதுவும் அவ்வளவு பெரிதாக இல்லை.

தண்டல் வாசல் வழியாகவே உள்ளே வந்துவிட்டார். அவரைத் தடுக்கவும் எனக்குத் தோன்றவில்லை. அந்த அம்மாவைப் பார்த்துக் கை கூப்பினார். "ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. அறுத்தது தோணி இல்லன்னு. நீங்க சொன்னா எழுதிக்குவாங்க."

"அது எனக்குத் தெரியாதுங்களே."

"இவ்ளோ சொன்னீங்க, இதச் சொல்லக் கூடாதா?"

"தோணிய நான் பாத்ததில்ல. கேபிளையும் பாத்ததில்ல. இது கல்லு இல்ல, கலவை. சங்கிலியச் சுத்தி எறுகினது. அவ்ளோதான் தெரியும்."

"எட்டு குடும்பம்மா! உங்க நாக்குல இருக்கு!"

"நாக்குல இருந்தத சொல்லிட்டேங்க."

தண்டலுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பொம்பளைங்க நீங்க? கருங்கல்லா இருக்கீங்களே" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தக் கணத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு மனிதர் கண்ணீரோடு நிற்கிறார். ஒரு சொல் கூடுதலாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? பிறகுதான் உறைத்தது. அந்த ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்பவராக இருந்திருந்தால், அதற்கு முன் சொன்ன சொற்களுக்கும் மதிப்பு இருந்திருக்காது. லாரியிலிருந்து எடுத்த ஒன்பதாவது கல்லை அவர் அன்றைக்கே எங்கள் வசதிக்கு ஒரு பக்கம் வைத்திருப்பார்.

கண்ணியின் தடிமனைக் கேட்டோம். களியின் மேல் விரல்களை வைத்தார். "நாலு விரக்கடை."

விரற்கடை அங்கீகரிக்கப்பட்ட அளவு அல்ல. களி கோப்பில் வைக்கத் தக்க பொருளும் அல்ல. மறுநாள் அரசு மருத்துவமனையில் மாவுக்கட்டுப் பொடி கேட்டு வாங்கி, அதே பள்ளத்தில் ஊற்றி அச்சு எடுத்தோம். உதவி நிலவியலாளர் கருவி வைத்து அளந்தார். அறுபத்தெட்டு மில்லிமீட்டர். நான் எதற்கும் இருக்கட்டும் என்று, குவாரிக்குப் போய் அந்த அம்மாவின் நான்கு விரல்களை அலுவலக அளவுகோலால் அளந்தேன். சுற்றி இருந்த பெண்கள், "வளையல் எடுக்கப் போறாரு போல" என்று கேலி செய்தார்கள். அறுபத்தெட்டு. அளவுகோலைத் திருப்பி வைத்து இன்னொரு முறை அளந்தேன். அறுபத்தெட்டுதான்.

அறிக்கையில் இதை எப்படி எழுதுவது? "படிக்காதவங்க கருத்த எப்படி சார் மேல அனுப்பறது?" என்று அலுவலர் கவலைப்பட்டார். சாட்சியச் சட்டத்தின் நாற்பத்தைந்தாம் பிரிவை எடுத்துக் காட்டினேன். அறிவியலிலோ கலையிலோ தனித்திறன் பெற்றவரின் கருத்து ஏற்கத் தக்கது என்கிறது அது. தனித்திறன் என்று இருக்கிறது. பட்டம் என்று இல்லை. சட்டம் சில சமயம் அதை நடத்துகிறவர்களை விட விவரமானது.

பெயர் எழுத வேண்டுமே என்று குவாரிக்கு மறுபடியும் போனேன். தண்டலும் கூடவே வந்தார். கோபத்தில் பேசியதற்கு வருத்தம் தெரிவிக்க வந்தவர், நடுவில் நின்று காலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார்.

"பேரு எதுக்குங்க? கல்லப் பத்தித்தானே கேட்டாங்க" என்றார் அந்த அம்மா. எழுதவில்லை. கோப்பில் அவர் 'கல் தரம் பிரிப்பதில் இருபத்திரண்டு ஆண்டு அனுபவமுள்ள தொழிலாளி' மட்டும்தான். அவர் கேட்டுக்கொண்டதை இங்கேயும் மீறவில்லை.

எழுதியதை முழுதும் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். பிறகு கேட்டார்: "இத வச்சு அந்தக் கப்பலக் கண்டுபுடிச்சிடுவாங்களா?"

"மூணு கப்பல்ல எதோட சங்கிலி அறுபத்தெட்டுன்னு பாத்தாப் போதும்மா."

"கண்டுபுடிச்சா அதுல இருக்கிற ஆளுங்கள என்ன பண்ணுவாங்க?"

"தெரியாதும்மா."

"அப்ப அதையும் கேட்டு எழுதுங்க."

தண்டல் தலையை நிமிர்த்தினார். "என் தோணியக் கட்டிப் போட்டப்ப இப்படி யாரும்மா கேட்டா?"

"நான் அப்ப இல்லையேங்க" என்றார் அவர். "இப்ப நாந்தானே சொல்றேன். நாந்தானே கேக்கணும்."

நிபுணர் அறிக்கையின் கடைசியில் நிபுணரே ஒரு கேள்வி கேட்பதற்கு எந்த நடைமுறையிலும் இடமில்லை. நான் அதைக் கடைசிப் பத்தியாகச் சேர்த்தேன். உதவி நிலவியலாளர் அதைப் படித்தார், என்னைப் பார்த்தார், கையொப்பமிட்டார். நல்ல பிள்ளை என்று முன்னமே சொன்னேன்.

ஆகஸ்டில் அனுப்பினோம். செப்டம்பரில் முதல் நினைவூட்டு. அதே மாதம் இரண்டாவது. தண்டல் திங்கட்கிழமைதோறும் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "தபால் வந்துச்சா சார்?" என்று கேட்பார். இல்லை என்றதும், குவாரிக்குப் போய் அந்த அம்மாவிடமும் இல்லை என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவார். அவர்கள் இருவரும் வேறென்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. ஒரு முறை தண்டல், "தோணி எம்மாம் பெருசுன்னு கேட்டாங்க சார். நடந்து காட்டினேன்" என்று மட்டும் சொன்னார். அக்டோபரில் வடகிழக்கு மூலையில் வானம் கறுக்கத் தொடங்கியதும், "பக்கத்துலயாவது இருக்கேன் சார். போறதப் பாத்துட்டாவது வரேன்" என்று துறைமுகத்துக்குப் போய்விட்டார். அதன் பிறகு சேதி இல்லை.

ஒரு நாள் முற்பகல் தபாலில் மெட்ராஸ் முத்திரையோடு ஒரு பழுப்பு உறை இருந்தது. தபாலை முத்திரையிட்டு, எண் கொடுத்து, அலுவலர் பார்வைக்கு வைத்த பிறகே படிக்க வேண்டும். நான் உறையைக் கிழித்து நின்றுகொண்டே படித்தேன். படித்ததைச் சட்டைப் பையில் வைத்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்லங்குறிச்சிச் சாலையில் மிதித்தேன். பதிவேட்டில் ஏறாத கடிதத்தை அலுவலகத்துக்கு வெளியே கொண்டுபோனது என் பணிக்காலத்தில் அந்த ஒரு முறைதான்.

அவர் குவியலின் நிழலில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார். படித்தேன். முதல் பத்தி: தோணியின் மீதான சந்தேகம் நீக்கப்பட்டு, இம்மாதம் பத்தாம் தேதி அது விடுவிக்கப்பட்டது.

"ஆத்துக்குள்ள இழுத்திருப்பாரா?"

"ஏழு நாள் ஆச்சேம்மா. இழுத்திருப்பாரு."

"நீங்க பாத்தீங்களா?"

"இல்லம்மா. இழுக்க நேரம் இருந்துச்சு."

தலையசைத்தார். இரண்டாம் பத்தி: மூன்று கப்பல்களில் ஒன்றன் சங்கிலி மட்டுமே அறுபத்தெட்டு மில்லிமீட்டர், வேறொரு துறைமுகத்தில் அதைச் சோதித்தபோது, சங்கிலிக் குழாயில் மிச்சமிருந்த சிமெண்டில் அதே சாக்கின் அச்சு இருந்தது. மூன்றாம் பத்தி: நிபுணர் எழுப்பிய வினாவுக்கு விடையாவது, கப்பல் நிறுவனம் பொறுப்பை ஏற்றுக்கொண்டது, கப்பலில் இருந்த இருபத்தாறு பேரில் எவரும் காவலில் வைக்கப்படவில்லை, கப்பல் பயணத்தைத் தொடர அனுமதிக்கப்பட்டது.

"நிபுணர்னா யாருங்க?"

"நீங்கதாம்மா."

கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார். "இருவத்தாறு பேரும் வூட்டுக்குப் போயிட்டாங்களா?"

கடிதத்தை இன்னொரு முறை பார்த்தேன். "பயணத்தைத் தொடரன்னுதாம்மா போட்டிருக்கு."

"அப்ப வூட்டுக்குப் போனாங்களான்னு தெரியல."

"தெரியலம்மா" என்றேன்.

அலுவலகத்துக்குத் திரும்பி அந்தக் கடிதத்துக்கு உள்வரவு முத்திரை இட்டேன். மழை மறுநாள் பிடித்துக்கொண்டது. முத்திரையில் விழுந்த தேதி 1985 அக்டோபர் 17, வியாழக்கிழமை.